வலிக்குப் பெயர் கிடைக்காத நாட்கள்

சில ஆண்டுகளுக்கு முன்பு கொல்கத்தாவில் கீதை வகுப்பு ஒன்று முடிந்து, அனைவரும் பிரசாதம் பெற்றுச் சென்ற பிறகு, ஓர் அன்பர் மட்டும் கூடத்தின் ஓரத்தில் அமர்ந்திருந்தார். வங்கியில் பணிபுரிபவர், வயது 45 இருக்கலாம். அவருக்கு வழங்கப்பட்ட பிரசாதம் தொன்னையில் அப்படியே இருந்தது. மடியில் ஒரு தடித்த கோப்பு. ஆசிரமத்திற்கு ஜாதகக் கட்டுடன் வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். இவர் மருத்துவ அறிக்கைகளுடன் வந்திருந்தார்.

“மகராஜ், எட்டு மாதங்களாக வயிற்றில் வலி” என்று தொடங்கினார். உண்ட அரை மணி நேரத்தில் மேல்வயிற்றில் பிடித்துக்கொள்ளுமாம். சில நாட்களில் தொப்புளைச் சுற்றி இறங்குமாம். சில நாட்களில் வராமலே இருந்து, ‘விட்டது’ என்று எண்ணும்போது திரும்பி வருமாம். இரத்தம், சிறுநீர், மலம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் இரண்டு முறை, எண்டோஸ்கோப்பி ஒரு முறை, அதன் பிறகு சி.டி. ஸ்கேன். அடுத்த வாரம் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி. ஒவ்வொரு தாளாகப் புரட்டிக் காட்டினார். ஒவ்வொன்றின் அடியிலும், குறிப்பிடத்தக்க மாறுதல் எதுவும் காணப்படவில்லை என்ற பொருள்படும் ஒரே வாசகம்.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு அவர் கேட்டது இன்றும் என் காதில் இருக்கிறது. “மகராஜ், போன முறை ரிப்போர்ட் வாங்கப் போகும் வழியில், இதிலாவது ஏதேனும் ஒரு நோய் இருக்க வேண்டுமே என்று காளியிடம் வேண்டிக்கொண்டேன். வீட்டில் படிக்கிற குழந்தைகள் இருவர் இருக்கிறார்கள். நான் வேண்டியது பாவமா?”

அன்பர்களே, இத்தகைய வேண்டுதலைக் கேட்டு வியப்பவர்கள் காரணம் தெரியாத வலியை அறியாதவர்கள். பெயருள்ள நோய்க்கு இவ்வுலகில் ஓர் இடம் உண்டு. உறவினர் பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்ப்பர். அலுவலகத்தில் விடுப்பு கிடைக்கும். ‘பாவம், அல்சராம்’ என்று அயலார் இரங்குவர். பெயரற்ற வலிக்கு விடுப்பு விண்ணப்பத்தில் எழுத ஒரு சொல் இல்லை. முதல் மாதம் இரக்கத்துடன் கேட்டவர்கள் மூன்றாம் மாதம் அறிவுரை கூறுகிறார்கள். ஆறாம் மாதத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அந்தப் பார்வையை வலியுள்ளவன் கண்டுகொள்கிறான். சில காலம் சென்றபின், ‘உண்மையாகவே எனக்கு வலிக்கிறதா?’ என்று அவனே தன்னைச் சந்தேகிக்கத் தொடங்குகிறான்.

அவருக்கு உடனே விடை கூற என் நா எழவில்லை. அதற்குக் காரணம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் இந்த விஷயத்தில் மேற்கொண்டு பேச எனக்கு உரிமை இல்லை என்று கருதுகிறேன்.

அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு காசியில் இருந்தேன். பள்ளி ஆசிரியை ஒருவர் தவறாமல் சத்சங்கத்திற்கு வருவார். கணவரை இழந்தவர். வயிறு வலிக்கிறது என்றும், மருத்துவர் ஸ்கேன் செய்து ஒன்றும் இல்லை என்று கூறிவிட்டார் என்றும், மேலும் ஒரு பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார் என்றும் ஒரு நாள் சொன்னார். நான் அவரது வாழ்க்கைத் துன்பங்களை அறிந்தவன். ஆகவே எல்லாம் அறிந்தவனைப் போல, “அம்மா, இது மனத்தின் பாரம். மனம் அமைதி பெற்றால் வயிறும் அமைதி பெறும். ஜபத்தைக் கூட்டுங்கள்” என்றேன். அவர் அந்தச் சொல்லை குருவாக்காக ஏற்றுக்கொண்டார். அடுத்த பரிசோதனைக்குச் செல்லவில்லை. மாலையில் காய்ச்சல் வருவதை யாரிடமும் கூறவில்லை. உடல் மெலிந்ததை விரதத்தின் பலன் என்று எண்ணிக்கொண்டார். ஏழு மாதங்கள் கழித்து மயங்கி விழுந்த பின்னரே அது குடலில் காசநோய் என்று தெரிய வந்தது. நம் நாட்டில் அரிதல்லாத நோய் அது. உரிய மருந்தை மாதக்கணக்கில் முறையாக உட்கொண்டால் குணமாகக்கூடியது. இறையருளால் அவர் குணமடைந்தார். மீண்டும் சத்சங்கத்திற்கு வந்து, முன்போலவே என்னை வணங்கினார். ஒரு சொல்கூடக் குறையாகச் சொல்லவில்லை. அந்த வணக்கத்தை ஏற்றுக்கொண்டு நான் நின்ற நிலையை எந்தச் சொல்லாலும் விளக்க இயலாது.

மனத்தின் மீது பழியைப் போடுவது மிகவும் எளிது. ஆன்மிகம் பேசுபவர்களுக்கு இன்னும் எளிது. ஏனெனில் மனம் என்பது நம்முடைய துறை என்று நாம் நினைக்கிறோம். மருத்துவ உலகமும் இந்தப் பிழைக்கு விலக்கல்ல. இரைப்பையில் உண்டாகும் புண்ணுக்குக் கவலையும் பரபரப்பும் அமிலமுமே காரணம் என்று பல பத்தாண்டுகள் மருத்துவர்கள் கூறிவந்தனர். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரு மருத்துவர்கள் அங்கு ஒரு கிருமி இருப்பதைக் கண்டபோது, அமிலத்தில் கிருமி வாழாது என்று பலர் ஏற்கவில்லை. 1982ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையால் வழக்கத்தைவிட அதிக நாட்கள் ஆய்வுக்கூடத்தில் விடப்பட்ட தட்டில் அந்தக் கிருமி வளர்ந்திருந்தது. 1984இல் மார்ஷல் அக்கிருமி கலந்த திரவத்தைத் தாமே அருந்தி, இரைப்பை அழற்சிக்கு ஆளானார். இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது 2005இல். இதற்கிடையில் எத்தனை நோயாளிகள் ‘நீ கவலைப்படுகிறாய், அதனால்தான்’ என்ற சொல்லைக் கேட்டுத் தலைகுனிந்து வீடு திரும்பியிருப்பார்கள்!

இதைக் கூறுவதால், தேடிக்கொண்டே போனால் ஒவ்வொரு வலியின் அடியிலும் ஒரு கிருமியோ கட்டியோ அகப்படும் என்று எண்ணிவிடக் கூடாது. எல்லாப் பரிசோதனைகளும் முடிந்த பிறகும் புண்ணோ வீக்கமோ காணப்படாத வயிற்றுவலி மிகப் பலருக்கு இருக்கிறது. உணவுப் பாதையின் சுவர்களில் மட்டும் பத்து கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் இருக்கின்றன. அவை மூளையுடன் இடையறாது பேசிக்கொண்டிருக்கின்றன. அந்தப் பேச்சு கூர்மை மிகுந்துபோனால், பிறருக்கு உணவு இறங்குவதே தெரியாத இடத்தில் இவருக்கு அது வலியாகத் தெரிகிறது. குடலுக்கும் மூளைக்கும் இடையிலான தொடர்பின் கோளாறு என்றே இதனை 2016 முதல் மருத்துவ வல்லுநர்கள் வகைப்படுத்துகின்றனர். இது கற்பனை வலி அன்று. வீணையின் குடம் உடையவில்லை, நரம்பு அறுபடவில்லை. முறுக்கு மட்டும் மிகுந்திருக்கிறது. குடத்தைப் படம் எடுத்துப் பார்த்தால் அதில் என்ன தெரியும்?

ஆகவே ‘நார்மல்’ என்று எழுதிய தாள் என்ன கூறுகிறது என்பதைச் சற்று அமைதியாகச் சிந்திக்க வேண்டும். நமது உபநிடதங்கள் மெய்ப்பொருளை அறியக் காட்டிய வழிகளுள் ஒன்று ‘நேதி நேதி’. இது அன்று, இது அன்று என்று விலக்கிக்கொண்டே செல்வது. கேட்பவனுக்கு முதலில் சோர்வுதான் வரும். எல்லாவற்றையும் விலக்கிவிட்டால் மிஞ்சுவது சூனியமோ என்ற அச்சமும் வரும். ஆனால் விலக்குபவன் ஒருவன் இருக்கிறானே, அவனை யாரும் விலக்க முடியாது. மருத்துவரின் வழியும் ஏறத்தாழ இதுவே. கல் அன்று, புண் அன்று, கட்டி அன்று என்று ஒவ்வொரு தாளும் கூறுகிறது. ‘வலி இல்லை’ என்று எந்தத் தாளும் கூறவில்லை. அப்படிக் கூறும் கருவியை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. கொல்கத்தா அன்பரிடம் நான் இதைச் சொன்னபோது, அவர் கோப்பை மூடிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “அப்படியானால் நான் காளியிடம் வேண்டியது?” என்றார். “உங்களை யாராவது நம்ப வேண்டும் என்று வேண்டியிருக்கிறீர்கள். அம்மாவுக்கு அது தெரியாமல் இருக்குமா?” என்றேன். அதற்கு மேல் அந்தக் கேள்வியை அவர் எழுப்பவில்லை.

பரிசோதனைக்குச் செல்வது இறைநம்பிக்கையின் குறைவு என்று கருதுகிறவர்கள் நம்மிடையே உண்டு. கீதையின் 15ஆம் அத்தியாயத்தில் பகவான் தம்மைப் பற்றிக் கூறும்போது, உயிர்களின் உடலில் வைசுவானரன் என்னும் அக்கினியாகத் தாமே இருந்து, பிராண அபானங்களுடன் கூடி நான்கு வகை உணவையும் செரிக்கச் செய்வதாகக் கூறுகிறார். மென்று உண்பது, விழுங்குவது, உறிஞ்சுவது, நக்கி உண்பது என்று அந்த நான்கையும் ஆசாரியர்கள் விளக்குவர். நாம் உணவின் முன் அமர்ந்து இந்தச் சுலோகத்தைப் பாராயணம் செய்கிறோம். ஆனால் அது எந்த இடத்தைக் குறிக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். வயிறு ஒரு வேள்விக் குண்டம். கருவறை விளக்கு புகைந்தால், திரியைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு ஸ்தோத்திரம் சொல்கிற அர்ச்சகரை நாம் மெச்ச மாட்டோம். திரியைப் பார்ப்பதும் வழிபாடுதான்.

எந்த வலியையும் பொறுத்துக்கொண்டே இருப்பது தவம் என்று எண்ணுபவர்களுக்கு ஒன்று கூறுவது என் கடமை; காசியில் செய்த பிழைக்கு இது ஒரு சிறு பிராயச்சித்தம். முயலாமலே உடல் எடை குறைவது, மலத்தில் இரத்தம் அல்லது மலம் தார் போலக் கறுத்துப் போவது, விழுங்குவதில் தடை, நிற்காத வாந்தி, காய்ச்சல், இரத்தசோகை, உறக்கத்திலிருந்து எழுப்பும் வலி, 50 வயதிற்குப் பிறகு புதிதாகத் தொடங்கும் வலி ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் தாமதிக்கலாகாது. பெண்கள் இவற்றை மறைப்பதில் வல்லவர்கள். வீட்டில் எல்லோரும் உண்டபின் உண்பதால், அவர்கள் உண்ணாததை யாரும் பார்ப்பதில்லை.

மருத்துவரிடம் உள்ளதை உள்ளபடி கூறுவதும் சத்தியத்தின் ஒரு பகுதியே. மூட்டு வலிக்காகக் கடையில் வாங்கி விழுங்கும் மாத்திரை, யாரோ தந்த சூரணம், மாலையில் அருந்துவது எதுவாக இருப்பினும் அது, எல்லாம் அவருக்குத் தெரிய வேண்டும். வலி மாத்திரைகளே இரைப்பையைப் புண்ணாக்குவதுண்டு. வட மாநிலங்களில், கோதுமையை ஏற்காத சீலியாக் என்னும் நோய் பலருக்கு இருப்பதை இப்போது அறிகிறார்கள். அதைக் கேள்விப்பட்டதும் தாமாகவே சப்பாத்தியை நிறுத்திவிட்டு, அதன் பிறகு இரத்தப் பரிசோதனைக்குச் செல்கிறார்கள். கோதுமையை நிறுத்திவிட்டால் அந்தப் பரிசோதனை உண்மையைக் காட்டாமல் போகலாம். வேண்டாத இடத்தில் வைராக்கியம் காட்டுவதும் ஒரு தொல்லைதான்!

இனி, பரிசோதனை நாட்களைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். பெருங்குடல் பரிசோதனைக்கு முந்தைய நாள் திட உணவு கிடையாது. மருந்துப் பொடி கரைத்த நீரைக் குவளை குவளையாக லிட்டர் கணக்கில் குடிக்க வேண்டும். இரவு முழுவதும் கழிப்பறைக்கும் கட்டிலுக்குமாக நடக்க வேண்டும். கொல்கத்தா அன்பர் இதற்குத்தான் பெரிதும் அஞ்சினார். தற்செயலாக அந்த நாள் ஏகாதசி. “எப்படியும் உபவாசம்தானே” என்றேன். உபவாசம் என்ற சொல்லுக்கு அருகில் வசித்தல் என்று பொருள். உணவை விட்டதால் இறைவனின் அருகில் இருக்கிறோம் என்பதல்ல; அருகில் இருப்பதால் உணவு நினைவுக்கு வருவதில்லை என்பதே கருத்து. அன்று அவருக்கு உணவு நினைவுக்கு வராமல் இல்லை. அதையும் மறைக்காமல் பிறகு கூறினார். ஆயினும் ஒவ்வொரு குவளைக்கும் முன் ஒரு மாலை ஜபம் என்று கணக்கு வைத்துக்கொண்டதால் இரவு கழிந்தது என்றார்.

எண்டோஸ்கோப்பி இதைவிடக் குறுகியது; பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடுவது. தொண்டையை மரத்துப்போகச் செய்ய மருந்து தெளிக்கிறார்கள். இடப்பக்கமாகப் படுக்கச் சொல்லி, பற்களுக்கிடையில் ஒரு வளையத்தைப் பொருத்துகிறார்கள். பிறகு வாயால் ஒரு நாமத்தையும் உச்சரிக்க இயலாது. நீண்ட காலம் உதட்டளவில் ஜபம் செய்துவந்த எனக்கு, அந்த மேசையின் மீதுதான் மானசிக ஜபம் என்றால் என்னவென்று சிறிது புரிந்தது என்பதை நாணத்துடன் ஒப்புக்கொள்கிறேன். குழாய் இறங்கும்போது உடல் எதிர்க்கும், குமட்டும், கண்ணில் நீர் வழியும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1885ஆம் ஆண்டு தொண்டை நோயுற்றிருந்த ஸ்ரீராமகிருஷ்ணரை டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் பரிசோதித்து நாக்கை அழுத்திப் பார்த்தபோது, அது மிகவும் வலித்தது என்று பரமஹம்சரே ஒரு குழந்தையைப் போல மற்றவர்களிடம் முறையிட்டிருக்கிறார். அவருக்கு இல்லாத வீரம் நமக்கு எதற்கு?

பரிசோதனையைவிடக் கடினமானது, முடிவு வரும்வரை காத்திருத்தல். திசுவைச் சிறிது எடுத்து ஆய்வுக்கு அனுப்பியிருந்தால் சில நாட்கள் ஆகும். அந்நாட்களில் கைபேசியும் நாமுமாக இரவு இரண்டு மணி வரை விழித்திருந்து, உலகிலுள்ள எல்லா நோய்களையும் நம் வயிற்றில் குடியேற்றிவிடுகிறோம். செயலில்தான் உனக்கு உரிமை, பலனில் இல்லை என்ற கீதையின் உபதேசத்தை நாம் தேர்வுக்கும் பதவி உயர்வுக்கும் பொருத்திப் பேசுகிறோம். நோயாளிக்கு அது எவ்வளவு பொருந்துகிறது! உண்ணாமல் வரச் சொன்னால் உண்ணாமல் செல்வது, உள்ளதைக் கூறுவது, கொடுத்த நாளில் சென்று தாளை வாங்குவது. இவை அவனுடைய கர்மம். தாளில் என்ன எழுதியிருக்கும் என்பது அவன் கையில் இல்லை. ஏற்கெனவே உள்ளிருப்பதுதான் அதில் வரப்போகிறது. நமது கவலை அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாது.

சொல்வது எளிது என்பீர்கள். உண்மை. ஆகவே கையால் செய்யக்கூடிய ஒன்றைக் கூறுகிறேன். ஒரு சிறு குறிப்பேடு வாங்கிக்கொள்ளுங்கள். வலி வரும்போது எழுதுங்கள்: ‘இரவு 9.20. தொப்புளுக்கு மேல் நான்கு விரற்கடை. எரிச்சல் இல்லை, பிடிப்பு. உண்டது இரண்டு ரொட்டி, பருப்பு. 40 நிமிடத்தில் தணிந்தது.’ மருத்துவருக்கு இது பல நேரங்களில் மற்றுமொரு ஸ்கேனைவிடப் பயன்படும். ஆனால் நான் இதைக் கூறுவது அதற்காக மட்டுமன்று. வேதாந்த வகுப்புகளில் சாட்சி பாவம் என்று பேசுகிறோம். வலியைக் காண்பவன் வலி ஆகான் என்கிறோம். வலி முறுக்கும் நேரத்தில் இந்தத் தத்துவத்தை நினைவுகூர முயன்றால் அது எரிச்சலைத்தான் உண்டாக்கும். நேரம் பார்த்து, இடம் பார்த்து, சொல் தேடி எழுதும்போது, அந்த அரை நிமிடம் எழுதுபவன் ஒருவன், எழுதப்படுவது வேறொன்று. சாட்சி என்ற சொல் நீதிமன்றத்திற்கும் உரியதல்லவா? கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் கூறுபவனே நல்ல சாட்சி. ‘உயிர் போகும் வலி’ என்று எழுதுவது சாட்சியம் அன்று. அது வழக்கறிஞரின் வேலை. அதே நேரத்தில், இந்தக் குறிப்பேட்டை மணிக்கொரு முறை எடுத்துப் படித்து வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தால், அதுவே ஒரு நோய் ஆகிவிடும். எழுதியதும் மூடி வைத்துவிட வேண்டும்.

இவை நோயுற்றவருக்கு. மற்றவர்களுக்குக் கூற வேண்டியது வேறு. காரணம் தெரியாத வலி என்றதும், ‘முற்பிறவி வினை’ என்று ஒருவராவது கூறாமல் இருப்பதில்லை. பிருஹதாரண்யக உபநிடதத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில், நோயுற்றவன் படும் துன்பம் மிக உயர்ந்த தவம் என்ற அரிய கருத்து வருகிறது. அதைப் படித்த பிறகு பல நாட்கள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மருந்து எடுத்துக்கொண்டே, சிகிச்சை பெற்றுக்கொண்டே, எஞ்சியிருக்கும் வேதனையைத் தவமாக்கலாம். காட்டுக்குச் செல்ல வேண்டியதில்லை, வந்த துன்பத்தைக் கசப்பின்றி ஏற்பதே போதும் என்ற ஆறுதல் அதில் இருக்கிறது. ஆனால் அது நோயுற்றவன் தனக்குத் தானே எண்ணிக்கொள்ள வேண்டிய எண்ணம். கட்டிலருகில் நாற்காலியில் சாய்ந்து தேநீர் அருந்தியபடி, ‘இது உனக்குத் தவம்’ என்று கூறும் உரிமையை உபநிடதம் யாருக்கும் வழங்கவில்லை.

தமிழ் அறிந்தவர்களுக்கு வயிற்றுவலி என்றதும் திருநாவுக்கரசரின் சூலை நினைவுக்கு வரும். பதிகம் பாடினார், வலி நீங்கியது என்று நாம் விரைவாகக் கதையை முடித்துவிடுகிறோம். அதையே வலியுள்ளவரிடம் கூறி, உன் பக்தி போதவில்லை என்ற குத்தலையும் சேர்த்துவிடுகிறோம். பெரியபுராணத்தில் நான் மீண்டும் மீண்டும் நின்று பார்க்கும் இடம் அதற்குச் சற்று முன்பு வருகிறது. எங்கும் தீராத வலியுடன் இரவில் திருவதிகைக்கு வந்து தமக்கையின் காலில் விழுகிறார் தம்பி. என்னை விட்டுச் சென்றாயே, வேறு சமயம் புகுந்தாயே என்று திலகவதியார் கணக்குக் கேட்கவில்லை. எழச் சொல்லி, திருநீறு அளித்து, தாம் திருவலகும் மெழுக்குமாகத் தொண்டு செய்யச் செல்லும் கோயிலுக்கு உடன் அழைத்துச் செல்கிறார். அங்கே அவர் பாடியதும், குடலை முறுக்கும் வேதனையைச் சிறிதும் மறைக்காமல் இறைவனிடம் சொல்லும் பாட்டுத்தான். வலியை நம்பும் ஒரு தமக்கை முதலில் கிடைத்தார். அதன் பிறகே பாட்டு வந்தது. இது என் சொந்தக் கருத்து. பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

இன்னொருவரையும் நாம் மறந்துவிடுகிறோம். சமைப்பவர். கொல்கத்தா அன்பரின் மனைவியை அடுத்த முறை சந்தித்தேன். “எதைச் சமைத்தாலும் இவருக்கு வலிக்கிறது மகராஜ். கடுகை விட்டேன், மிளகாயை விட்டேன், எண்ணெயை விட்டேன். தட்டை வைத்துவிட்டு இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் கையில்தான் ஏதோ தோஷம்” என்று அழுதார். அவருக்கு நான் புத்த பகவானின் இறுதிப் பயணத்தைக் கூறினேன். பாவா என்ற ஊரில் சுந்தன் என்னும் கொல்லன் அன்புடன் அளித்த உணவுக்குப் பிறகே பகவானுக்கு இரத்தப் போக்குடன் கடும் வயிற்று நோய் கண்டது. அந்நிலையிலும் குசிநகரம் நோக்கி நடந்தார். வழியில், தம் வலியைப் பற்றியல்ல, சுந்தனைப் பற்றி ஆனந்தரிடம் பேசினார். தன் உணவால்தான் இப்படி ஆயிற்று என்று அவன் வருந்தக்கூடும். அவ்வாறு வருந்தாதபடி அவனிடம் எடுத்துக் கூற வேண்டும். ஞானம் பெறுவதற்கு முன் கிடைத்த உணவும் இந்த இறுதி உணவும் சமமான புண்ணியம் உடையவை என்று சொல்லி அனுப்பினார். அந்த அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவரைப் பார்த்தார். அவர் எட்டு மாதங்களில் ஒரு முறையும், ‘உன் சமையல் காரணமல்ல’ என்று சொல்லியிருக்கவில்லை. அவருக்கு அது தோன்றவே இல்லை. வலி மனிதனைத் தன் வயிற்றளவுக்குச் சுருக்கிவிடுகிறது. அன்று, என் முன்னிலையில், சிறிது தடுமாறிச் சொன்னார்.

கொலனோஸ்கோப்பியிலும் ஒன்றும் காணப்படவில்லை. பின்னர் அவர்கள், வங்காளத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் செல்வதைப் போல, காட்பாடியில் இறங்கி வேலூருக்குச் சென்றார்கள். அங்கே ஒரு மருத்துவர் பழைய தாள்களை ஒதுக்கி வைத்துவிட்டு, குறிப்பேட்டைப் படித்தாராம். மேலும் இரண்டு சோதனைகள் மட்டும் செய்தார். பிறகு இரைப்பையின் படத்தை வரைந்து, உருவில் கோளாறு இல்லை, செயலில்தான் இருக்கிறது என்று விளக்கினார். மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரை ஒன்றை மிகக் குறைந்த அளவில் எழுதினார். “அப்படியானால் நீங்களும் எனக்குப் பைத்தியம் என்கிறீர்களா?” என்று அன்பர் கேட்டிருக்கிறார். அதே மருந்து சிறிய அளவில் குடல் நரம்புகளின் கூர்மையைத் தணிக்கும் என்று மருத்துவர் பொறுமையாக எடுத்துக் கூறினாராம். அந்தப் பொறுமைக்கு நான் மனத்தால் நமஸ்காரம் செய்தேன். வலி முழுவதும் போய்விடவில்லை. வாரத்தில் ஆறு நாள் வந்தது ஒரு நாளாகக் குறைந்தது.

அந்த ஆண்டு துர்கா பூஜை முடிந்து அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அஷ்டமியன்று பந்தலில் போக் கிச்சுரி வழங்கினார்களாம். ஓராண்டாக அதை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்தவர், இரண்டு கரண்டி வாங்கிக்கொண்டு மனைவியின் அருகில் பெஞ்சில் அமர்ந்து உண்டிருக்கிறார். பழக்கத்தின்படி குறிப்பேட்டை எடுத்து, ‘பிற்பகல் 1.40. கிச்சுரி, லாப்ரா’ என்று எழுதினாராம். அதற்குள் மகள் ஊதல் வாங்கித் தரச் சொல்லி இழுக்க, எழுந்து சென்றுவிட்டார். மறுநாள் காலையில்தான் அந்த வரி பாதியில் நிற்பதைப் பார்த்தேன் என்று எழுதியிருந்தார்.